மனிதரை இனங்களாகப் பிரிக்கும் கருத்து எப்போது வந்தது, எப்படியெல்லாம் மாறியது?

"மனிதர்களில் தனித்தனி இனங்கள் இல்லை என்று அறிவியல் சொல்லிவிட்டதாமே. அப்படியானால் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? எப்போதும் இப்படியேதான் இருந்ததா? இல்லாத ஒன்றை இன்னும் ஏன் படிவங்களில் கேட்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் 'இனம்' மிகவும் அகலமான சொல். உயிரினம் என்கிறோம், தமிழினம் என்கிறோம், பெண்ணினம் என்கிறோம். குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே உண்டு; அங்கே இனம் என்றால் ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டம். விரும்பினால் சேரலாம், வேண்டாம் என்றால் விலகலாம். நீங்கள் கேட்கும் இனம் இதற்கு நேர் எதிரானது. பிறக்கும்போதே உடலில் பதிந்துவிடும், தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும், நிறத்தோடு சேர்த்து அறிவையும் குணத்தையும் அதுவே தீர்மானிக்கும் என்று நம்பப்பட்ட பிரிவு அது. அந்தக் கருத்துக்கு வயது சுமார் ஐந்நூறு ஆண்டுதான்.

அதற்கு முன் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சமமாக நடத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. கிரேக்கர்கள் மற்றவர்களை இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் போட்ட கோடு முக்கியமாக மொழியிலும் வழக்கத்திலும் இருந்தது. கிரேக்கம் பேசத் தெரியாதவன் 'பார்பரோஸ்'. உடல் வேறுபாட்டுக்கு ஹிப்போகிராட்டஸ் பெயரில் உள்ள மருத்துவ நூல் காற்றையும் நீரையும் நிலத்தையும் காரணம் காட்டியது. ரோமில் அடிமை எந்த நிறத்திலும் இருந்தான். விடுதலை பெற்றவனின் பிள்ளை முழுக் குடிமகனாக முடிந்தது. 14-ஆம் நூற்றாண்டில் அரபு வரலாற்றாசிரியர் இப்ன் கல்தூன் இன்னும் தெளிவாகவே எழுதினார்: கறுத்த நிறம் நோவாவின் சாபத்தால் வந்தது என்பது தவறு, அது வெயிலின் விளைவு, தெற்கே இருப்பவர்கள் வடக்கே போய்க் குடியேறினால் அவர்கள் சந்ததி மெல்ல வெளுக்கும் என்று. அந்தக் காலத்தில் வெறுப்புக்கும் ஏளனத்துக்கும் குறைவில்லை. ஆனால் வேறுபாடு மாறக்கூடியது என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

அந்த எண்ணத்தை உடைத்த இடங்களில் முக்கியமானது ஸ்பெயின். அங்கே ஏராளமான யூதர்கள் கட்டாயத்தாலும் பயத்தாலும் கிறிஸ்தவர்களானார்கள். மதம்தான் கோடு என்றால், மாறியதும் விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1449-இல் டொலேடோ நகரம் ஓர் ஆணை போட்டது: யூத வம்சத்தில் வந்தவர் கிறிஸ்தவரானாலும் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது. இதிலிருந்து 'ரத்தத் தூய்மை' என்ற விதி வளர்ந்தது. பதவி, கல்லூரி, துறவுச் சபை என்று பல இடங்களில் தாத்தா பாட்டி வரை சான்று கேட்டார்கள். ஞானஸ்நானத்தாலும் கழுவ முடியாத ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள்.

சொல்லும் அங்கேதான் நிறம் மாறுகிறது. 1611-இல் செபாஸ்டியன் தெ கோவரூபியாஸ் என்பவர் வெளியிட்ட ஸ்பானிய அகராதியில் 'ராசா' என்ற சொல்லைத் தேடினால், நல்ல சாதிக் குதிரைகளின் வம்சம் என்று முதலில் ஒரு பொருள். மனித வம்சத்தைப் பற்றிச் சொல்லும்போது கெட்ட பொருளில் வரும், ஒருவரிடம் மூரின் அல்லது யூதரின் 'ராசா' இருக்கிறது என்பதைப்போல, என்று இன்னொரு பொருள். குதிரைக்குப் பெருமை, மனிதனுக்குக் கறை. இதற்குப் பக்கத்துச் சொல்லான 'காஸ்டா'வைத்தான் போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கொண்டுவந்து சாதிக்கு வைத்தார்கள். வம்சத்தின் தூய்மை பற்றிய ஒரே பேச்சிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்கள்.

அடுத்து, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியா. இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நிறம் சட்டமாக மாறுவதை ஆண்டு ஆண்டாகப் பார்க்க முடிகிற இடம் இது.

1640. ஒரே எஜமானிடம் வேலை செய்த மூன்று பேர் தப்பி மேரிலாந்துக்கு ஓடுகிறார்கள். பிடிபடுகிறார்கள். மூவருக்கும் முப்பது முப்பது கசையடி. அதுவரை தண்டனை ஒன்றுதான். பிறகு, டச்சுக்காரர் விக்டருக்கும் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிரெகரிக்கும் எஜமானிடம் கூடுதலாக ஓராண்டு, குடியேற்ற அரசுக்கு மூன்றாண்டு வேலை. மூன்றாமவர் ஜான் பஞ்ச், கறுப்பர். அவருக்கு ஆயுள் முழுவதும். ஒரே குற்றம், ஒரே ஓட்டம். தீர்ப்பில் மட்டும் கோடு விழுந்துவிட்டது.

1662-இல், பிள்ளை அடிமையா சுதந்திரமா என்பதைத் தாயின் நிலை தீர்மானிக்கும் என்று சட்டம் போட்டார்கள். ஆங்கில வழக்கப்படி பிள்ளை தந்தையின் வழியில்தான் வரும். அதைத் தலைகீழாக்கியதால், எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளையும் எஜமானின் சொத்தானது. 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தனம் நீங்காது என்று இன்னொரு சட்டம். 1676-இல் குடியேற்றத்தின் ஆளுநருக்கு எதிராகப் பேக்கனின் கலகம் வந்தது. வெள்ளை ஒப்பந்தக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் ஒன்றாக ஆயுதம் எடுத்தார்கள், தலைநகரான ஜேம்ஸ்டவுன் எரிந்தது. ஆளும் நிலவுடைமையாளர்களை எது அதிகம் பயமுறுத்தியது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியோ, 1691-இல் வந்த சட்டம் 'ஆங்கிலேயர் அல்லது வேறு வெள்ளையர்' கறுப்பரையோ பூர்வகுடியினரையோ மணந்தால் நாடுகடத்தல் என்றது. ஆங்கிலேயர், ஸ்காட், டச்சு, கிறிஸ்தவர் என்று தனித்தனியாக இருந்தவர்களை 'வெள்ளையர்' என்ற ஒரே சொல்லுக்குள் சட்டம் கொண்டுவந்துவிட்டது. 1705-இல் எல்லாவற்றையும் தொகுத்து முழு அடிமைச் சட்டமாக்கினார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். ஸ்வீடன் நாட்டு இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்த நூலின் முதல் பதிப்பு 1735. சட்டம் முதலில், அறிவியல் பின்னால். இந்த வரலாற்றில் என் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். யாரோ அறிஞர் ஆராய்ந்து இனங்களைக் கண்டுபிடித்தார், பிறகு சிலர் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நடந்தது பெரும்பாலும் மறுபுறமாக. பதிவேட்டிலும் நீதிமன்றத்திலும் சந்தையிலும் கோடு போட்டாகிவிட்டது. அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலை பிறகு அறிஞர்களிடம் வந்தது.

அந்த அறிஞர்கள் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முகலாய அரசவையில் மருத்துவராக இருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பெர்னியே, 1684-இல் உலக மக்களை உடல் தோற்றத்தை வைத்து நான்கைந்து வகையாகப் பிரித்தார்; இந்தியர்களை ஐரோப்பியர்களோடு ஒரே வகையில் வைத்து, அவர்கள் நிறம் வெயிலால் வந்தது என்றார். லின்னேயஸ் 1758 பதிப்பில் நிறத்தோடு குணத்தையும் ஒட்டினார்: ஐரோப்பியர் சட்டத்தால் ஆளப்படுபவர், ஆப்பிரிக்கர் மனம்போன போக்கால் ஆளப்படுபவர் என்று. ஜெர்மன் உடற்கூற்றியலாளர் புளூமன்பாக் 1795-இல் ஐந்து வகை என்றார். 'காக்கேசியர்' என்ற பெயரை எடுத்துப் பரப்பியவர் அவர். அந்தப் பெயரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், தன் சேகரிப்பில் மிக அழகானது என்று அவர் கருதிய மண்டையோடு ஜார்ஜியா நாட்டுப் பெண் ஒருவருடையது. அதே புளூமன்பாக், வகைகள் ஒன்றோடொன்று கலந்து போவதால் எல்லை போடவே முடியாது என்றும் எழுதினார்; கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைத் தேடிச் சேர்த்து, ஆப்பிரிக்கர்களின் அறிவாற்றலுக்குச் சான்றாகக் காட்டினார். பெயர் நின்றது, எச்சரிக்கை மறைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளுக்குள் விதையையும் பிறகு ஈயக் குண்டுகளையும் நிரப்பி மூளையின் அளவைக் கணக்கிட்டு இனங்களை வரிசைப்படுத்தினார்.

இத்தனை அளந்தும் எத்தனை இனம் என்பதில் ஒத்த கருத்து வரவில்லை. 1871-இல் டார்வின் அந்தக் கணக்கைத் தொகுத்துக் காட்டினார். அறிஞர்கள் சொன்ன எண்ணிக்கை 2, 3, 4, 5, 6, 7, 8, 11, 15, 16, 22, 60, 63. ஒருவர் 2 என்கிறார், ஒருவர் 63 என்கிறார். இவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன, தெளிவான எல்லை கிடைப்பதே கடினம் என்பதுதான் அதற்குக் காரணம் என்றார் டார்வின்.

அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களை மறந்துவிட்டு 'அப்போது எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்' என்று சொல்வது அநியாயம். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1854-இல் ஒரு கல்லூரி விழாவில் மண்டையோட்டு அறிவியலை நேருக்கு நேர் மறுத்துப் பேசினார். ஹைட்டியைச் சேர்ந்த ஆன்தெனோர் ஃபிர்மின், பாரிஸ் மானிடவியல் சங்கத்தின் உறுப்பினராக இருந்துகொண்டே, மனித இனங்களின் சமத்துவம் பற்றி 1885-இல் பெரிய நூல் எழுதினார். மறுக்க ஆளில்லாமல் போகவில்லை. மறுத்தவர்களின் நூல் படிக்கப்படவில்லை.

இந்தியத் துணைக்கண்டமும் இதில் மாட்டிக்கொண்டது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஒரே குடும்பம் என்பது மொழியைப் பற்றிய கண்டுபிடிப்பு. அதை ரத்தத்தின் மேல் ஏற்றி 'ஆரிய இனம்' ஆக்கினார்கள். அந்தச் சொல்லைப் பரப்பியவர்களில் ஒருவரான மொழியறிஞர் மாக்ஸ் முல்லரே 1888-இல், ஆரிய ரத்தம், ஆரியக் கண் என்று பேசும் இனவியலாளர், அகராதிக்கு மண்டையோட்டு வடிவம் இருப்பதுபோல 'நீள்மண்டை அகராதி' என்று பேசும் மொழியியலாளருக்குச் சமமான பாவி என்று கண்டித்தார். ஆனால் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் ரிஸ்லி மூக்கின் அகலத்தை அளந்து, மூக்கு அகலமாக ஆக சமூகப் படிநிலை இறங்கும் என்று சாதிக்கே இன விதி எழுதிவிட்டார். அம்பேத்கர் பின்னர் மூக்களவுகளையே எடுத்து வைத்து, இந்த அளவீடு அறிவியல் என்றால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டினார்.

சரி, கோடு எங்கே போடப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இரண்டு வழக்குகள். அமெரிக்காவின் 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை கேட்டுப் பெறும் உரிமை 'சுதந்திரமான வெள்ளை நபருக்கு' மட்டும். (உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சத்தினரும் சேர்க்கப்பட்டார்கள்.) வெள்ளை நபர் யார் என்று சட்டம் சொல்லவில்லை.

டகாவோ ஒசாவா ஜப்பானில் பிறந்தவர். இருபது ஆண்டு அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வீட்டில் ஆங்கிலம் பேசியவர். தோலின் நிறத்தைப் பார்த்தால் நாங்களும் வெள்ளையர்தான் என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. தோல் நிறத்தை வைத்துப் பார்க்க முடியாது, ஆங்கிலோ சாக்சன்களிலேயே வெளுத்தவரும் உண்டு, மாநிறத்தவரும் உண்டு. 'வெள்ளை நபர்' என்றால் காக்கேசிய இனத்தவர் என்று பொருள், ஜப்பானியர் காக்கேசியர் அல்லர் என்றது தீர்ப்பு.

மூன்றே மாதம். 1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்தின் வழக்கு. பஞ்சாப்பைச் சேர்ந்த சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அன்றைய மானிடவியல் நூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. நீங்கள் சொன்ன அளவுகோலின்படி நான் வெள்ளையன் என்பது அவர் வாதம். தன்னை உயர்சாதி ஆரியர் என்றும் அவர் தரப்பு சொன்னது. படிக்கும்போது வலிக்கும் இடம் அது. ஒரு படிநிலையில் இடம் கேட்பதற்கு இன்னொரு படிநிலையைச் சான்றாக நீட்ட வேண்டியிருந்தது. அப்போதும் நீதிமன்றம் மறுத்தது. எப்படி? அறிவியல் நூல்கள் என்ன சொன்னாலும் சரி, 'வெள்ளை நபர்' என்பது சாதாரண மக்களின் பேச்சு வழக்கு, சாதாரண மனிதன் இவரை வெள்ளையராக ஏற்கமாட்டான் என்றது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாண்ட். அவரே இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர். ஒசாவாவுக்கு எதிராக அறிவியல், திந்துக்கு எதிராக மக்கள் வழக்கு. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பூட்டு மாறியது.

அந்தத் தீர்ப்பை வைத்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921-இல் பெற்ற குடியுரிமையை இழந்தார். அமெரிக்கக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1928-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏன் இந்த முடிவு என்று அவர் எழுதி வைத்த கடிதம் நாளிதழில் வெளிவந்தது.

இந்தியர்களின் இனம் அமெரிக்கக் கணக்கெடுப்பில் மாறிய வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். 1920 முதல் 1940 வரை 'ஹிந்து' என்பது ஓர் இனமாக இருந்தது. சீக்கியரும் முஸ்லிமும் அதற்குள்ளேயே. 1970-இல் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-இல் 'ஆசிய இந்தியர்' வந்தது. ஓர் ஆள் எழுபது ஆண்டு ஒரே வீட்டில் இருந்தாலே மூன்று இனங்களைக் கடந்திருப்பார்.

நாஜி ஜெர்மனியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் ஒரே ஒரு விவரம் மட்டும். இனம் ரத்தத்தில் இருக்கிறது என்று முழங்கிய அந்த அரசு, யார் யூதர் என்பதை 1935 நவம்பர் ஆணையில் வரையறுக்க வேண்டியிருந்தது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூதராக இருந்தால் நீங்கள் யூதர். அந்தத் தாத்தா பாட்டி யூதரா என்று எப்படித் தெரியும்? அவர்கள் யூத மதச் சமூகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தால் போதும். ரத்தத்தில் எந்த அடையாளமும் கிடைக்காததால், மதப் பதிவேட்டைப் புரட்டித்தான் 'இனத்தை' முடிவு செய்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்களின் உயிர் அந்தப் பதிவேட்டு வரியில் தொங்கியது.

தென்னாப்பிரிக்கா 1950-இல் போட்ட மக்கள் பதிவுச் சட்டமும் அப்படித்தான். பார்த்தாலே வெள்ளையர் என்று தெரிகிறவர் அல்லது பொதுவாக வெள்ளையர் என்று ஏற்கப்படுகிறவர் வெள்ளையர். ஆனால் தோற்றத்தில் வெள்ளையராக இருந்தாலும் பொதுவாகக் கலப்பினத்தவர் என்று கருதப்படுகிறவர் வெள்ளையர் அல்லர். சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகி, விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். சாண்ட்ரா லெய்ங் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்த சிறுமி. நிறம் சற்றுக் கறுப்பு, முடி சுருட்டை. பத்து வயதில் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, 1966-இல் கலப்பினத்தவர் என்று மாற்றிப் பதியப்பட்டார். பெற்றோர் போராடினார்கள், சட்டம் திருந்தியது, மீண்டும் 'வெள்ளையர்' ஆனார். அதே அம்மா, அதே அப்பா, அதே முகம்.

இதே சமயம் வேறு இடத்தில் வேறு விதி. அமெரிக்காவின் 1930 கணக்கெடுப்பு அலுவலர்களுக்குக் கொடுத்த உத்தரவு, கறுப்பு ரத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கறுப்பர் என்றே எழுது என்பது. பிரேசிலில் 1976-இல் ஓர் ஆய்வில் மக்களிடமே அவர்கள் நிறத்தைக் கேட்டபோது 130-க்கும் மேற்பட்ட சொற்கள் வந்தன. ஒருவர் விமானம் ஏறி இறங்கினால் இனம் மாறிவிடும் என்ற நிலை.

அறிவியல் தன் தவறைத் திருத்திக்கொண்டது மெதுவாகத்தான். மாறவே மாறாது என்று நம்பப்பட்டது தலையின் வடிவம். மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் நியூயார்க்கில் குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாகச் சுமார் 18,000 பேரை அளந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலையளவு பெற்றோரிடமிருந்து மாறுவதை 1911-இல் காட்டினார். 1950-இல் யுனெஸ்கோ, இனம் என்பது உயிரியல் உண்மை என்பதைவிடச் சமூகத்தின் கட்டுக்கதை என்று அறிக்கை விட்டது; உடற்கூற்றியலாளர்களும் மரபியலாளர்களும் ஆட்சேபித்ததால் அடுத்த ஆண்டே திருத்திய அறிக்கை வந்தது. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் ரத்த வகைகள் உட்பட 17 மரபணுக்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருந்தது. இனங்களுக்கு இடையே என்று சொல்லத்தக்கது 6 சதவீதம் மட்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மரபணுச் சோதனையில் ஒருவரின் முன்னோர் உலகில் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு சொல்ல முடியும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது தெரியும். அதனால் இனம் உண்மை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் முன்னோர் வாழ்ந்த இடம் வேறு, இனம் வேறு. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல வளைக்கும் அரிவாள் செல் நோயின் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 'கறுப்பர் நோய்' என்று பேர் வாங்கியது. உண்மையில் மலேரியா இருந்த இடங்களில் எல்லாம் அது இருக்கிறது: மேற்கு ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, கிரேக்கத்தின் சில பகுதிகள். மலேரியா குறைந்த தென்முனை ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளிடம் அபூர்வம். கறுத்த தோல் ஆப்பிரிக்காவிலும் உண்டு, பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளிலும் உண்டு; அந்த இரு மக்களும் மரபணு ரீதியில் ஒருவருக்கொருவர் வெகு தூரம். உலகிலேயே மரபணு வேறுபாடு மிக அதிகம் உள்ள ஆப்பிரிக்காவை ஒரே 'கறுப்பினம்' என்று மூட்டை கட்டியது எவ்வளவு பெரிய பிழை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி, படிவம். இதற்குச் சிறுநீரகக் கணக்கு ஒன்றைத்தான் பதிலாகச் சொல்வேன். தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவுப் பொருளான கிரியாட்டினின் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. 1999 முதல் அமெரிக்காவில் புழங்கிய சூத்திரங்களில், நோயாளி கறுப்பர் என்றால் விடையை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்க வேண்டும். 2009 சூத்திரத்தில் அது 1.159. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். விளைவு, ஒரே ரத்தப் பரிசோதனை முடிவோடு இருவர் வந்தால் கறுப்பரின் சிறுநீரகம் மட்டும் தாளில் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் காத்திருப்பு நாள் எண்ணப்படத் தொடங்க மதிப்பு 20-க்கு இறங்க வேண்டும்; அவருக்கு அது தாமதமாக இறங்கும்.

2021-இல் அந்தப் பெருக்கலை நீக்கிப் புதிய சூத்திரம் வந்தது. ஆனால் ஏற்கெனவே காத்திருந்தவர்கள்? இழந்த நாட்களை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் விதி வந்தது. மருத்துவமனைகள் பழைய கோப்புகளை எடுத்து, பெருக்கல் இல்லாமல் கணக்குப் போட்டு, பெருக்கலால் நாட்களை இழந்த ஒவ்வொரு கறுப்பின நோயாளியின் காத்திருப்புத் தொடக்கத்தையும் முந்தைய தேதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு, யாரெல்லாம் கறுப்பர் என்று அந்தக் கோப்புகளில் குறிக்கப்பட்டிருந்தார்கள் என்பது தெரிந்தாக வேண்டியிருந்தது.